தறியில் ஓடும் பேண்டேஜ் துணி

மஸ்கட்

அன்புள்ள வெங்கடேஸ்வரிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகமா? போன வாரம் தகரம் கீறி உள்ளங்கையில் தையல் போட்டார்கள்; பயப்படாதே, ஆறிவிட்டது. கம்பெனிக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன், யாரும் காசு கேட்கவில்லை. இங்கே மேனேஜருக்கும் தரை கூட்டுகிறவருக்கும் ஒரே அட்டைதான். நம் ஊரில் எல்லோருக்கும் இப்படி இருந்தால் என்ன? கையில் சுற்றியது, சத்திரப்பட்டித் தறியில் நீ ஓட்டுகிற அதே பேண்டேஜ் துணி.

உன் பாதத்துப் புண்ணுக்கோ பழைய சேலைக் கிழிசலாம். உன் தம்பி சதீஷ் சொன்னான். "நம்ம கவர்மெண்டு காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில படுத்தாத்தானல செல்லும்? புண்ணு பெருசாகட்டும்" என்று அவனிடம் சிரித்தாயாம். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. வீட்டுக்குப் பூச்சு வேலை பொறவு பார்க்கலாம்; அந்தப் பணத்தில் நாளைக்கே ராஜபாளையம் போய்க் காட்டு.

இதைக் கொண்டுவரும் முத்துவீரன் திரும்பும்போது மிளகாய்ப்பொடி கொடுத்துவிடு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வீடியோவில் பேசும்போது முகத்தை மட்டும் காட்டாதே, பாதத்தையும் காட்டு.

விஜயபாண்டி