மாமி சுற்றிய சக்கரம்

பதுளை,
2.5.1982

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் மர்லியாவும் உங்கள் உம்மாவும் அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருக்கிறோம். கத்தார் வெயில் உங்களைக் கருக்காமல் விட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. காயப்போட்ட துணியெல்லாம் அடுப்படியிலேயே தொங்குகிறது.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், வைக்கட்டுமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். வைத்தால் பைக்கை விற்றுவிடு, சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் பைக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும்.

பைக் சும்மா நிற்கவில்லை. என் தம்பி பலீல்தான் அதில் வெலிமடைக்குப் போய் மரக்கறிக் கடைக்கு லீக்ஸ் ஏற்றி வருகிறான். லீக்ஸ் வெறும் சாக்குத்தான். அந்த ஊரில் அவனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டுப் பக்கமாக இரண்டு சுற்று. புதுச் சப்பாத்து வேறு வாங்கியிருக்கிறான். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது, புத்திதான் இன்னும் வரவில்லை.

போன மாதம் பைக்கின் கியர் குழம்பிப் போனது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தூக்கினால் பாதி வழியில் நியூட்ரலில் நின்றுவிடும். ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், பைக் பின்னால் உருளும். மூன்றாவதும் நான்காவதும் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. கியர் மாற்றும்போதெல்லாம் கறகறவென்று சத்தம். பண்டாரவளையில் பைக் திருத்துகிற ஒரு பாஸிடம் காட்டியிருக்கிறான். அவர் ஏறிக்கூடப் பார்க்காமல், உள்ளே தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிளக்க வேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். "எஞ்சின அவுக்கத்தான் வேணும் ராத்தா, வேற வழியில்ல" என்று இவனும் வந்து நின்றான்.

எனக்குக் கோபம் வந்தது மச்சான். ஆறு வருஷம் உங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். வெளியே இருப்பதையெல்லாம் பார்த்து முடிக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது என்று பைக் திருத்த வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் சொல்வீர்களே, அது என் காதிலும் விழுந்துதானே இருக்கிறது! பின் முற்றத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பைக்கைப் பலகைக்கட்டையில் ஏற்றச் சொன்னேன். பொம்பிளை செய்கிற வேலையா இது என்று மாமி முதலில் சத்தம் போட்டார். பிறகு பாஸ் சொன்னதைக் கேட்டதும், "எலிக்குப் பயந்து ஊட்டக் கொளுத்துறதா? எம்மகன் இருந்தா இதுக்குச் சம்மதிப்பானா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒயிலைப் பார்த்தேன். அளவும் சரி, நிறமும் சரி. அடுத்தது கிளட்ச். பிடியில் ஒரு காசின் தடிப்புக்குத்தானே இளக்கம் இருக்க வேண்டும்? என் சுண்டுவிரலே உள்ளே போனது. கேபிள் தளர்ந்து, கிளட்சை எவ்வளவு அமுக்கினாலும் அது முழுதாக விடாமல் இருந்திருக்கிறது. நட்டைத் திருகி இறுக்கினேன். கறகறச் சத்தம் அதோடு போய்விட்டது. ஆனால் இரண்டாம் கியர் அப்படியேதான். பலீலுக்கு ஒரே சந்தோஷம், தான் சொன்னதுதான் சரியென்று.

பிறகு மாமியைப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லிவிட்டு, கியர் மிதியை நான் கையால் தூக்கிப் பார்த்தேன். இரும்பில் இரும்பு விழுகிற சத்தம் வரவில்லை. மெத்தையில் முட்டியது மாதிரி மிதி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் மிதியில் சைக்கிள் டியூப் சுற்றுக்கு மேல் சுற்றாகச் சுற்றியிருக்கிறது! அந்தத் தடிப்பு எஞ்சின் மூடியில் முட்டி, மிதியை முழுதாக மேலே போக விடவில்லை. யார் வேலை என்று கேட்டேன். சப்பாத்தின் பாலிஷ் உரிந்துவிடும், பெண் வீட்டார் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான். சக்கரத்தைப் பிடித்தபடியே மாமி சிரித்த சிரிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பிளேடால் டியூப்பை அறுத்தெறிந்தேன். மாமி திரும்பச் சுற்ற, நான் தூக்க, டக்கென்று இரண்டாவது விழுந்தது. என் நெஞ்சும் சேர்ந்து துள்ளியது, பொய் சொல்லவில்லை. மறுநாள் பலீல் பழைய செருப்போடு ஹாலிஎல ஏற்றத்தை இரண்டாவதிலேயே ஏறிவிட்டு வந்தான்.

அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் சொல்லிவிட்டான். போன வியாழக்கிழமை தெமோதரை தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் வீரசிங்கம் ஐயா தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் மூன்றாவது கியர் தானாகவே கழன்று விழுகிறது. கேபிள், மிதி, ஒயில் எல்லாம் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இது உள்ளே இருக்கிற நோய், என் கைக்கு மேற்பட்டது என்று சொன்னேன். "அப்ப மர்ஸூக் எப்பங்க வருவாரு?" என்று கேட்டார்.

உங்கள் விருப்பம் என்றுதான் நான் இதுவரை எல்லாக் கடிதத்திலும் எழுதி வந்தேன். அவரிடம் அந்தப் பதில் என் வாயில் வரவில்லை. நோன்புக்கு முன்னால் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயந்தேன். மாமி உள்ளே இருந்தார். கையெழுத்து வைக்கட்டும், அந்தக் காசில் வீட்டு மேல்மாடிச் சுவர் எழும்பட்டும் என்று ஓயாமல் சொன்னவர் அவர்தானே? திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ வாசலுக்கு வந்து, "பைக்க இங்கயே உட்டுட்டுப் போங்க ஐயா, மகன் வந்த ஒடனே பார்ப்பான்" என்றார். அதுவரை தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்தே போய் நோயாளிகளைப் பார்ப்பதாக ஐயா சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மச்சான், உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லியாயிற்று, உங்களுக்குச் சொல்லுமுன் ஊருக்குச் சொல்லிவிட்டேன். சுவர் மெல்ல எழும்பட்டும். பைக்கை விற்க மாட்டேன். அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். அந்த நல்ல மனுஷர் மழையில் நடக்கிறார், உங்கள் உம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பொய்க்காரிகளாக ஆக்கிவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து வாசலில் விடட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
ஜெனீரா