கிட்டுவைக் கூப்பிடும் விதம்

31 ஜூலை 1997, வியாழன்

எல்லா வேலையும் முடித்து உட்காரவே இவ்வளவு நேரமாகிவிட்டது. அணையைத் திறந்தால் எங்கள் வீடு மாதிரி ஆற்றோரத்துக் கீழ்வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மாலையில் ஜீப்பில் அறிவித்துக்கொண்டு போனார்கள். நாளைக்கு நானும் அவரும் வேலைக்கு, மகள் நித்யா பள்ளிக்கு. பகலெல்லாம் பூனை கிட்டு மட்டும்தான் வீட்டில்.

மாடி வீட்டு மராத்திக்கார அம்மாவை நாங்கள் காகு, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீர் வந்தால் கிட்டுவை மேலே தூக்கிப் போவதற்காக அவரிடம் சாவியைக் கொடுத்து, இப்போதே ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நானும் நித்யாவும் வாசலுக்கு வெளியே நின்றோம். காகு தயிர் சாதக் கிண்ணம் வைத்த கூடையைத் திறந்து வைத்து, "ஏ மாவூ, ஏ, ஏ!" என்று மராத்தியில் கொஞ்சினார். கட்டிலுக்கடியில் புகுந்த கிட்டு வரவேயில்லை. உண்மையிலேயே தண்ணீர் வந்துவிட்டால்...

நித்யா உள்ளே ஓடினாள். "காகு, அவனுக்கு மராத்தி தெரியாது. 'வாடா செல்லம், தயிர் சாதம்'னு சொல்லணும்."

"உங்க வீட்டுல பூனைகூட மதராஸிதானா!" என்று காகு இந்தியில் என்னைச் சீண்டினார். பிறகு, "வாடா ஸெல்லம், தயிர் ஸாதம்."

கிட்டு தலையை நீட்டினான். ஆளைப் பார்த்ததும் தயங்கினான். காகு அலுக்காமல் கூப்பிட்டார். கடைசியில் அவன் கூடைக்குள் போய்க் கிண்ணத்தை நக்க, காகு மூடியைச் சாத்தினார். நித்யா கைதட்டினாள்.

மழை இன்னும் விடவில்லை. காலையில் முதல் வேலையாகத் தயிர் சாதம் பிசைந்து காகுவிடம் கொடுத்துவிட வேண்டும். மாடிப்படி ஏறும்போதும் அவர் அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டேதான் போனார்.