பங்கரில் நான்கு பேருக்கு இடம்

வியாழன் இரவு, பசறை.

அணுகுண்டு விழப்போகிறது, நிலத்தடிப் பங்கரில் நான்கு பேருக்குத்தான் இடம், யாரை வெளியே விடுவீர்கள் என்று இன்று வகுப்பில் கேட்டேன். டாக்டர், விவசாயி, வீடு கட்டும் மேசன், டீச்சர், கொழுந்து எடுக்கும் பெண் என்று ஐந்து பேரைக் கரும்பலகையில் எழுதியவள் நான்தான். பிள்ளைகள் சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். செல்வி உடனே எழுந்தாள். அவளுடைய அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள்.

“கொழுந்து எடுக்கிறவங்கள விட்ரலாம் டீச்சர். குண்டு விழுந்தா தேயிலையெல்லாம் கருகிரும்ல? அப்புறம் அவங்க எதுக்கு?”

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் “நல்ல காரணம்” என்று சொல்லி அந்த வரியை அழித்தேன்.

கொழுந்து எடுத்தே என்னை டீச்சராக்கிய அம்மா, சோறு போடும்போது, “இன்னைக்கு என்ன பாடம் நடத்துன?” என்று கேட்டாள்.

கணக்கு என்று சொல்லிவிட்டேன்.