மேல்தளத்தில் நான் வெள்ளை உடுத்தவில்லை

என் அன்பு 'என்னங்க'வுக்கு,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் கடிதத்திலும் இப்படித்தான் வருகிறது. கப்பலை விட்டு இறங்கிவிட்டேன். நீங்கள் ஆசைப்பட்டபடியே இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி விடுதியில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது.

இதை நம் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நமக்குள் பேசுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குப் பின்னால் கப்பலேறும் பெண்கள், குளிர்க் கடலில் எதைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது. அதோடு, நான் எதைப் போட்டுக்கொண்டு நின்றேன் என்று மலாக்காவில் இதற்குள் பேச்சுக் கிளம்பியிருக்கும். அதை என் எழுத்திலேயே படித்துக்கொள்ளட்டும்.

படிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம். மலாயாவில், மலாக்காப் பக்கம் அலோர் காஜாவுக்கு உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் டிரெசர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் சிக்கலானால் லாரி ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் நீங்கள்தான். அன்று காலை மருந்துப் பெட்டி எடுத்துவரத் தோட்டத்து லாரியில் போனீர்கள். வளைவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்று டிரைவர் சொன்னார். அவர் காலில் குண்டோடு பிழைத்தார். நீங்கள் பிழைக்கவில்லை.

யார் சுட்டது? வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் என்றார்கள் அதிகாரிகள். பட்டாளத்துக் குண்டுதான் குறி தவறியது என்று தொழிலாளர் வீட்டு வரிசையில், லயத்தில், கிசுகிசுத்தார்கள். எனக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கேட்டதற்கு, "இது எமர்ஜென்சிமா, இதெல்லாம் கேக்காத" என்றார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

நீங்கள் போன பிறகு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று வாசலில் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். உங்கள் மருந்தறையில் மணல் மூட்டை அடுக்கினார்கள். புது டிரெசர் வரவில்லை. நான் கடலோரத் தஞ்சோங் கிளிங்குக்கு, உங்கள் அம்மாவிடம் போய்விட்டேன்.

உங்கள் அம்மா எனக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டார். நான் வாதாடவில்லை. அந்த நாட்களில் சாக்கைக் கொடுத்திருந்தாலும் சுற்றிக்கொண்டிருப்பேன். பயிற்சிக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது அவர் மீன் கழுவிக்கொண்டே இருந்தார்.

"போறதுன்னா போ," என்றார் கடைசியில். "நீ படிக்கணும்னு அவன்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தான். ஆனா வெள்ளையில போ, வெள்ளையில வா. எம்மவன் போயி வருசம் திரும்பல."

சரி என்றேன். அப்போது அது பொய்யில்லை.

கப்பல்காரர்களிடம் வாங்கிய கம்பளித் துணிகளை விற்கும் ஒரு பாய் கடை டவுனில் இருக்கிறது. கோட்டு வாங்கப் போனேன். பாய் ஒரு சாம்பல் நிற ஆண்கள் கோட்டை எடுத்துப் போட்டார். அதன் கைக்குள் என் கை காணாமல் போனது. இன்னொன்றை எடுக்கக் குனிந்தவர், தயங்கி நிமிர்ந்தார்.

"பொம்பளைங்க அளவுல ஒண்ணு இருக்கு தங்கச்சி. ஆனா நெறம்தான்..."

வெளியே எடுத்தார். நன்றாகப் பழுத்த ரம்புத்தான் பழத் தோலின் சிவப்பு. உள்ளே கனமான கம்பளி, கழுத்துவரை பொத்தான்.

"குளிரு தாங்குமா பாய்?"

"கோட்டு தாங்கும் லா. உங்க வீட்டுல தாங்குவாங்களா?"

வாங்கினேன். பெட்டியின் அடியில் வைத்து, மேலே வெள்ளைப் புடவைகளை அடுக்கினேன்.

சூயஸ் கால்வாய்வரை வெயில்தான். வெள்ளைப் பருத்தி போதுமாக இருந்தது. கால்வாயைத் தாண்டிய பிறகு காற்றின் குணமே மாறிவிட்டது. முதல் நாள் காலை, உங்கள் அம்மாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, வெள்ளைப் புடவைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். காற்று முந்தானையைப் பிடுங்கியது. தண்ணீர்த் துளி பட்டு, புடவை முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்த விரல்களைத் திரும்ப விரிக்க முடியவில்லை. அறைக்கு வந்து படுத்தவள் காய்ச்சலில் விழுந்தேன்.

என் அறைத்தோழி மேரி, மலாக்காப் போர்த்துகீசப் பெண், மீனவர் வீட்டில் வளர்ந்தவள், அவளும் தாதிப் பயிற்சிக்குத்தான் வந்தாள். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குச் சூடாகச் சூப்பு ஊட்டிவிட்டு, கட்டில் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த புடவையைப் பார்த்தாள்.

"யாரு செத்தது? உன் புருசனா, நீயா?"

"அவருதான்."

"அப்ப நீ ஏன் பொணத்துக்குப் போர்த்துற துணியில குளிருக்குப் போற?"

எனக்குக் கோபம் வந்தது. அவளோடு அன்று முழுக்கப் பேசவில்லை. ஆனால் காய்ச்சல் விட்டதும் பெட்டியின் அடியில் கைவிட்டுக் கோட்டை எடுத்தேன். உங்கள் அம்மாவிடம் சொன்ன சொல் அன்று முறிந்தது. முறித்தவள் நான்தான், மேரி இல்லை.

பின்னால் வரும் பெண்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தடிமனான துணியை நம்பாதீர்கள். மெல்லியதன்மேல் மெல்லியதாகப் போட்டால்தான் இடையில் சூடு தங்கும். உடம்பை ஒட்டி ஒரு கம்பளி உள்சட்டை, அதன்மேல் ரவிக்கை, அதன்மேல் முழுக்கைச் சட்டை. பாவாடைக்குள் ஆண்கள் போடும் கால்சட்டை. யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றுமில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி ஊக்குப் போடுங்கள். பருத்திக் காலுறைக்கு மேல் கம்பளிக் காலுறை. தளம் எப்போதும் ஈரம், அதனால் ரப்பர் அடி வைத்த, பாதம் மூடும் சப்பாத்து. செருப்புப் போடாதீர்கள். காதை மூடித் துணி கட்டி, அதன் நுனியைக் கோட்டுக்குள் விடுங்கள். கையுறை இல்லாமல் கம்பியைத் தொடாதீர்கள்.

உங்கள் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் நான் நடுவில் போட்டுக்கொண்டேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்லலாமென்று இருந்தேன். சரி, எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

மேலே எப்படி இருக்கும் தெரியுமா? வானம் சும்மா இருந்தாலும் கப்பல் ஓடுகிற வேகமே காற்றாகிவிடும். கப்பலின் ஒரு பக்கத்தில் நிற்கவே முடியாது. சுற்றி மறுபக்கம் போனால் பேசலாம், சிரிக்கலாம். புகைபோக்கிக்குப் பக்கத்தில் கொஞ்சம் சூடு கிடைக்கும், அங்கே எப்போதும் கூட்டம். பேசினால் வாயிலிருந்து புகை வரும். உதடு வெடிக்கும். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்.

எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வழிகிற இடம் அது. நான் அங்கேதான் உங்களுக்காக அழுதேன். வீட்டுக்கு வந்தவர்கள் பார்க்க அழுதது வேறு. அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோட்டு நனைய நனைய அழுதேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா?

அலோர் காஜாவில் அரசாங்க வேலை பார்க்கும் ஒரு பெரிய மனிதரும் அவர் மனைவியும் அதே கப்பலில் வந்தார்கள். பெயர் எழுதவில்லை, படித்தால் அவருக்கே தெரியும். ஒருநாள் மேல்தளத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ நம்ம டிரெசரு வீட்டம்மாதானே? தம்பி போயி இன்னும் வருசம் ஆகலேல்ல?"

"ஆமா சார்."

"வெள்ளைக்காரங்க, நம்ம ஆளுங்க எல்லாம் பாக்குற எடம்மா இது. இப்படிச் செவப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு..."

"குளுருது சார்."

"குளுருனா கீழேயே இருக்கலாமே."

"கீழ மூச்சு முட்டுது. முள்வேலிக்குள்ள இருந்து பாத்துட்டேன் சார். கப்பல்லயும் எனக்கு ஒண்ணு கட்டாதீங்க."

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் நகரவில்லை. அவர்தான் நகர்ந்தார். அவர் மனைவி, பட்டுப் புடவையில் தோளைக் குறுக்கிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, அவருக்குப் பின்னால் படியிறங்கினார்.

அன்று மாலை அந்த அம்மாள் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நானும் மேரியும் எழுந்து நின்றோம்.

"பாவாடைக்குள்ள என்னமோ போட்டிருக்கியாமே," என்றார் மெதுவாக. "கப்பல் ஏறினதுலேருந்து நான் கடலையே சரியாப் பாக்கல கமலா. மேல வந்தா நிக்க முடியல. எனக்கும் காட்டேன்."

மேரி சிரித்துவிட்டாள். நான் காட்டினேன். மறுநாள் அவர் கணவருடைய கால்சட்டை, கணவருடைய காலுறை, கணவருடைய மேல்கோட்டோடு மேலே வந்தார். கோட்டு தரையைக் கூட்டியது. கணவர் கீழே அறையில் 'எங்கே என் துணி' என்று தேடிக்கொண்டிருந்தாராம். பெரிய அலை ஒன்று எழும்பி முகத்தில் தெறித்தபோது, வயதான அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார். அதற்குப் பிறகு இறங்கும் நாள்வரை மூன்று பேரும் ஒன்றாகவே நின்றோம். அவர் கணவர் ஒரு நாள் வந்து, பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே தாதிகளுக்கு வெள்ளைச் சீருடை. கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் விரும்பிப் போடுகிறேன். வேலை முடிந்தால் கழற்றிவிடுகிறேன்.

உங்களுக்கு என் வாக்கு இது. படித்து முடித்துத் திரும்பி வருவேன். மருந்தறையில் இருக்கும் மணல் மூட்டைகளை நானே இழுத்து வெளியே போடுவேன். ஊரடங்கு என்று வாசலைச் சாத்தினாலும், லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் கதவைத் திறக்கவைப்பேன். உங்கள் அம்மாவைத் தஞ்சோங் கிளிங்கில் தனியே விடமாட்டேன்; தோட்டத்து வீட்டுக்கு என்னோடு கூட்டிவருவேன். வரமாட்டேன் என்பார். என் கோட்டைப் பற்றி, என் புடவை நிறத்தைப் பற்றித் தினமும் திட்டுவார். திட்டட்டும். அவருக்குச் சோறு மட்டும் என் கையால்தான்.

உங்கள் அம்மாவுக்கு அடங்காத மருமகள்,
என்றும் உங்கள் மனைவி,
கமலா