மூன்றாவது இடத்துத் தண்ணீர்

8.2.2025, சனி
விடியும் முன்பே வேன் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர், அவர்கள் அறிவியல் வாத்தியார் ஜோன்ஸ் சார், நான். வாரம் முழுக்க லேபில் ரத்தம் சோதித்துவிட்டு சனிக்கிழமை ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. “சம்பளமில்லாத வேலைக்கு அலாரம் வைக்கிற ஒரே ஆளு நீதான் பிளாரன்ஸ்” என்கிறார். சிரிக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டுவதில் எனக்கு ஒரு கிறுக்கு.

பள்ளிக் கண்காட்சிக்காக ஆறு கடலோடு சேரும் பக்கம், குழு குழுவாகப் பிரித்து மூன்று இடங்களில் தண்ணீர் எடுக்கச் சொன்னேன். பாலத்தடியிலும் அலையாத்தி மரங்களின் அடியிலும் நண்டும் மீன்குஞ்சுமாகக் கிடந்தன. பிள்ளைகள் கிளம்ப மாட்டேன் என்றார்கள். மூன்றாவது, இறால் கம்பெனிக் கழிவுக் குழாய் விழும் இடம். அங்கே எடுத்தவள் முத்துக்கனி. சோதித்துப் பார்த்தால் அவள் பாட்டிலில் உப்பே இல்லை! கடல் ஏறி இறங்கும் இடத்தில் உப்பில்லாத தண்ணீரா? மூடியைத் திறந்தால் ப்ளீச்சிங் பவுடர் வாசனை.

“ஏளா, குடிக்கக் கொண்டுவந்த குழாத்தண்ணிய ஊத்தி என்னையே ஏமாத்துதியா? சோம்பேறி!” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் தலை நிமிரவே இல்லை.

9.2.2025, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், முத்துக்கனியின் வகுப்புக்காரி சுஜிதா நிற்கிறாள்.

“மிஸ், அவ சோம்பேறி இல்ல. அவ அம்மா அந்தக் கம்பெனியிலதான் இறால் உரிக்காவ. தண்ணி மோசம்னு நாம எழுதுனா கம்பெனிய மூடிருவாங்கன்னு பயந்துட்டா. அவளுக்கு அப்பா கெடையாதுல்லா.”

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்கு வாய்தான் கேடு.

10.2.2025, திங்கள்
கண்காட்சிக்கு எழுதும்போது மூன்றாவது இடத்தை விட்டுவிடலாமா என்று ஜோன்ஸ் சாரைக் கேட்டேன். “நாறுதத நாறுதுன்னு சொல்லாட்டா, பிள்ளைகள எதுக்கு மிஸ் அங்க கூட்டிட்டுப் போறோம்?”
சரிதான். அந்த அம்மாவின் வேலை?

12.2.2025, புதன்
முத்துக்கனி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லையாம்.

14.2.2025, வெள்ளி
லேப் மூடும் நேரம் ஒரு பெண் வந்து நின்றார். முத்துக்கனியின் அம்மா. சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஷிப்ட் முடிஞ்சு வரும்போது கழிவுக் குழா வாய்லயே பிடிச்சேன். எம்மவ களவாணி இல்ல மிஸ். பிள்ளையெல்லாம் ‘குழாத்தண்ணி’ன்னு கூப்பிடுதாம். பள்ளிக்கொடம் போமாட்டேங்கா.”

“வேலைக்கு எதுவும் ஆயிராதா?”

“போனா போவட்டும்னு சொல்ல எனக்கு வசதி இல்ல. எம்பேரு மட்டும் வரப்பிடாது.”

மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்திருந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

15.2.2025, சனி
பாட்டிலைச் சோதித்தேன். படுமோசம். ஆனால் இதைக் காட்டினால் யார் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் முத்தையாபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வகுப்பு முன்னால் திட்டினேன், வகுப்பு முன்னாலேயே மன்னிப்பும் கேட்கிறேன் என்றேன். முத்துக்கனி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “கம்பெனிய மூடிருவாங்களா மிஸ்?”

“சுத்தம் பண்ணி விடச் சொல்லித்தான் கேக்கப் போறோம். மூடுவாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதுளா.” அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

17.2.2025, திங்கள்
வகுப்பில் போய் மன்னிப்புக் கேட்டேன். முத்துக்கனி வந்திருந்தாள்.

22.2.2025, சனி
மறுபடி வேன். இந்தத் தடவை மூன்று இடம் இல்லை, குழு இல்லை. முப்பது பேரையும் குழாய் விழும் இடத்திலேயே இறக்கிவிட்டார் ஜோன்ஸ் சார். லேபிலிருந்து கையுறை கொண்டுபோயிருந்தேன். ஒரே மாதிரி பாட்டில்கள், எதிலும் பெயர் ஒட்டவில்லை. நாற்றம் தாங்காமல் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். முத்துக்கனியும்தான்.

கம்பெனி வாட்ச்மேன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். “ஏய், யாரு அங்கன தண்ணி எடுக்கது?”

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துக்கனி கத்தினாள்.

“பள்ளிக்கொடம், அண்ணாச்சி!”