பொட்டன் என்று விளித்தது

12.8.96, திங்கள்

இன்று தம்பியை நெய்யாற்றின்கரையில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். பட்டாளத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவன் அவன். பதினெட்டு வருடம் சுடுகிறவர்களின் பக்கத்திலேயே நின்றவன். ஊருக்கு வந்ததிலிருந்து சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். காது போய்விட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். "எலே பொட்டா!" என்று கத்தித்தான் அவனோடு பேசுவேன். எங்கள் ஊரில் செவிடனும் பொட்டன்தான், முட்டாளும் பொட்டன்தான்.

டாக்டர் சோதித்துவிட்டு என்னை மட்டும் தனியாக அழைத்தார். "காது கொஞ்சம் மந்தமாக்கும். ஆனா பேசினா நல்லா கேக்கும். கேட்டது தலையில நிக்கல்ல, அதாக்கும் விஷயம். இத்தன வருஷத்து வெடி அதிர்ச்சி மூளையத் தொட்டிருக்குமோன்னு எனக்கொரு சம்சயம் உண்டு. நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க."

சுடும் இடத்தில் காதுக்குப் பஞ்சு கொடுத்தார்களாம். தலைக்கு எதைக் கொடுப்பார்கள்?

திரும்பி எங்கள் ஊர் காரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நாம எங்க போயிட்டு வாறோம் அண்ணா?" என்றான். பழக்கதோஷத்தில் "எலே பொ..." என்று கத்தத் தொடங்கி, வாயை மூடிக்கொண்டேன்.

அவன் சிரித்தான். "முழுசா விளி அண்ணா. நீ விளிச்சதெல்லாம் எனக்குக் கேட்டுதுதான். மத்ததெல்லாம் மறந்து போவுது. அது ஒண்ணுதான் ஓர்மையில நிக்குது."