ஒட்டிக் கொடுத்த கோப்பை

அன்பு மகள் வெர்லீனுக்கு, அப்பா ஹோசியா சொல்லச் சொல்ல நம் போதகர் மனைவி எழுதுவது. கர்த்தர் கிருபையில் உயிரோடு இருக்கிறேன். சிகாகோக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்று வலிக்கிற முட்டியோடுதான் தினமும் மண்டியிடுகிறேன்.

பெரிய வீட்டுத் தோட்டத்தை அந்தக் காலத்தில் இருந்தபடியே ஆக்கி டிக்கெட் வைத்துக் காட்டப்போகிறேன் என்று எஜமானி மிஸ் எலனோர் நகரத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தாள். அந்தக் காலம் என்றால் அவளுக்குக் கத்தரித்த வேலிச்செடியும் கமேலியாப் பூச்செடியும் செங்கல் பாதையும்தான், அடிமைகளாய்ச் செங்கல் சுமந்த நம் முன்னோர் அதில் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்த வாரம், கமேலியா வரிசைக்குப் பின்னால் நம் சனங்களைப் புதைத்த இடத்தில் நம் வழக்கப்படி குழிமேல் வைத்த கிளிஞ்சலும் உடைந்த தட்டும் கிடப்பதைக் குப்பைமேடு என்று நினைத்து வாரிக்கொட்டி, மேலே வேலிச்செடி நட்டுவிட்டார்கள். உன் அம்மாவுக்கு வைத்த நீலக் கோப்பையும் போயிற்று. அங்கே வேலை பார்க்கிற உன் அத்தை மகன் ஓட்டிஸ்தான் வந்து சொன்னான், "நம்ம பொணங்க மேல நடக்க டிக்கெட் வாங்கிட்டு வரப்போறாங்க மாமா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எழுந்து போய் முறையிட்டேன். அவளுக்கும் முகம் வாடித்தான் போயிற்று. சில நாள் கழித்துப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள், கையில் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்த அந்தக் கோப்பை. "பாரு ஹோசியா, விரிசலே தெரியல. நானே உக்காந்து ஒட்டினேன்" என்றாள். உனக்குத் தெரியும், உன் அம்மா கடைசியாகக் குடித்த கோப்பை அது, சாவு அவளோடு அறுந்து போகட்டும், அடுத்து உன்னைத் தேடி வரக்கூடாது என்று உன் கையாலேயே உடைத்து வைத்தோம். அறுத்ததை இந்தப் புண்ணியவதி ஒட்டிக் கொடுக்கிறாள். கோப்பை வேண்டாம், செடியைப் பிடுங்கி இடத்தை விடுங்கள் என்றேன். அதெப்படி, சனிக்கிழமை தோட்டம் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்களே, வேண்டுமானால் அங்கே ஒரு பெஞ்சு போடுகிறேன் என்றாள். கோப்பையை அவள் படிக்கட்டிலேயே போட்டு உடைத்தேன்.

"இத்தன வருஷம் உனக்குச் சோறு போட்டதுக்கு இதுதானா? இனிமே கேட்டுக்குள்ள வராத" என்றாள். யாருக்கு யார் சோறு போட்டது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். செடி வெட்டுகிற சாக்கில் ஓட்டிஸ் அவற்றை உன் அம்மாவின் தலைமாட்டில் புதைத்தான். எல்லாரும் பார்க்க மேலே வைக்க வேண்டியதைத் திருடன்போல் மண்ணுக்குள் வைத்தோம்.

ஆனாலும் உடைந்துதான் இருக்கிறது, நீ பயப்படாதே. கர்த்தர் உன் வாசலைக் காப்பாராக, பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை போடு. ஒன்று மறக்காதே. அந்தத் தோட்டத்தைப் படம் பிடித்துத் தபால் அட்டையாக விற்கிறார்கள், உன் ஊர்க் கடைக்கும் வரலாம். வந்தால் கிழித்துப் போடாமல் ஒன்று வாங்கு. வேலிச்செடி வரிசையின் கோடியில், ஆற்றுப் பக்கம், உன் அம்மா இருக்கிறாள். பிள்ளைகளுக்குக் காட்டு.

உன் அப்பா,
ஹோசியா (அவர் கைப்பட இட்ட குறி) X